அக்காவின் சின்னச் சட்டி

அக்கா வந்து உட்காருவதற்கு முன்பே அந்த மேசை துடைத்துத் தயாராக இருக்கும். மேசைமேல் ஒரு தட்டு வெள்ளை ரொட்டித் துண்டுகள், ஒரு ஜாடி வெந்நீர், ஒரு குவளை நிறையக் கரண்டிகள். ரொட்டி, ஒரு ருசிக்கும் அடுத்த ருசிக்கும் நடுவில் நாக்கைத் துடைத்துவிட. வெந்நீர், நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவ. பச்சைத் தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது, குளிர்ந்திருந்தால் நாக்கையும் மரத்துப்போகச் செய்துவிடும். இந்த முறையை அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எட்டு மேசை போட்ட முதல் கடையின் அடுப்படியில் தானாகவே கண்டுகொண்டாள்.

சமையல் மாஸ்டர் உள்ளேயிருந்து ஒரு சின்னச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. அவர்கள் ‘சிவப்பு’ என்று செல்லமாகச் சொல்லும் தக்காளி சாஸ் அது. சூப்பும் பாஸ்தாவும் சுட்ட கோழிமேல் ஊற்றுவதும் எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான். அக்கா ஒரு கரண்டி எடுத்து ஊதி, வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன மாஸ்டர், இன்னிக்குத் தக்காளி இன்னும் தூங்கி எழுந்திருக்கல போலிருக்கே.”

“ஆமாங்கக்கா.”

“எலுமிச்சை கொஞ்சம். மிளகு ஒரு சிட்டிகை. சர்க்கரை போட்டுடாதீங்க, அப்புறம் ஜாம் ஆயிடும்.” சொல்லிக்கொண்டே அவளே சட்டியில் பிழிந்து, தூவி, கலக்கி, மறுபடி ருசி பார்த்தாள். அவருக்கும் ஒரு கரண்டி நீட்டினாள். “இப்ப?”

“இப்பச் சரியா இருக்குங்கக்கா.”

“கொண்டுபோய்ப் பெரிய கொப்பரையில இதே அளவுக்குச் சேர்த்துடுங்க. கணக்குப் பாத்து.”

மாஸ்டர் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தள்ளினால் தானே மூடிக்கொள்ளும் கதவுக்குப் பின்னால் போனார். அங்கே கொப்பரைகள் இருக்கும் வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம் திரும்பி, பணியாளர்கள் சாப்பிடும் அறையின் அடுப்பில் சட்டியை வைத்து மூடினார். மத்தியானம் அங்கே வேலை செய்பவர்கள் அதை ரொட்டியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார்கள். பதினோரு கடைகளுக்கும் போவது, யாரும் தொடாத கொப்பரையில் இருக்கும் சாஸ். அக்கா திருத்திய ருசி அந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டாமலே மூன்று வருடமாகிறது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், தன் அறையில் நின்று இதைத் தினமும் பார்ப்பவன் தம்பி. ஐம்பதை நெருங்குகிறான், தலையில் பாதி வெள்ளை. ஆனாலும் அக்கா ‘தம்பி’ என்று கூப்பிடுவதால் கல்லாவில் இருப்பவர் முதல் வண்டி ஓட்டுபவர் வரை எல்லாருக்கும் அவன் தம்பிதான். கடைகளில் பாதி அவனுடையது, பாதி அக்காவுடையது. சட்டியை இடப்பக்கம் திருப்பச் சொன்னவனும் அவன்தான்.

அதை அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அப்படித்தான் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொண்டான்.

ஒரு கடை இருக்கும்போது ஒரு நாக்கு போதும். அடுப்பும் சாப்பிடுகிறவரும் பத்தடி தூரத்தில் இருப்பார்கள். ருசி பார்த்த சூட்டிலேயே தட்டு மேசைக்குப் போய்விடும். அக்கா சமைத்தாள், தம்பி கல்லாவில் உட்கார்ந்தான். இரண்டாவது கடை வந்தபோது அக்கா ஸ்கூட்டரில் இரண்டுக்கும் நடுவில் பறந்தாள். மூன்றாவது வந்ததும் ஸ்கூட்டர் தோற்றுப்போனது. அப்போதுதான் ஊருக்கு வெளியே, கிடங்குகள் வரிசையாக நிற்கும் தெருவில், தகரக் கூரை போட்ட இந்த இடத்தை எடுத்துப் பொது அடுக்களை போட்டார்கள்.

பொது அடுக்களையின் உயிர் கொப்பரைகளில்தான் இருக்கிறது. ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற பெரிய எஃகுப் பாத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவர். சுவர்களுக்கு நடுவில் நீராவி ஓடும். நெருப்பு நேராகப் படாததால் அடிபிடிக்காது. உள்ளே ஒரு எஃகுக் கை ஓயாமல் சுற்றிக் கிளறிக்கொண்டே இருக்கும். வெந்த சாஸை உடனே பைகளில் அடைத்துப் பனிக்காற்று வீசும் அலமாரியில் வைத்துச் சடாரென்று குளிர வைப்பார்கள்; மெதுவாக ஆறவிட்டால் சாஸைக் கெடுக்கும் கிருமிகளுக்கு அது விருந்து. மத்தியானத்துக்குள் குளிர்வண்டி பைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகும். கடையில் வெந்நீர்த் தொட்டியில் பையைச் சுடவைத்து, ஆர்டர் சீட்டு வந்ததும் கிண்ணத்தில் ஊற்றி, மேலே பாலாடைக் கிரீம் கலந்து கொடுத்துவிடலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள்கூட ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்.

இதில் சிக்கல் எங்கே வந்தது என்றால், அக்கா ருசி பார்ப்பது சுடச்சுட இருக்கும் கிரீம் இல்லாத சாஸை. ஆட்கள் சாப்பிடுவது ஆறவைத்து மறுபடி சுடவைத்துக் கிரீம் கலந்ததை. இரண்டும் வேறு வேறு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, தக்காளி சப்பென்றிருக்கிறது என்று அக்கா எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றச் சொன்னாள். அவள் நாக்கு பொய் சொல்லவில்லை. அந்தச் சாஸ் அப்போது அருமையாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானக் கூட்டத்தில், சூடான சாஸில் கிரீம் விழுந்ததும் புளிப்பு தாங்காமல் திரிந்தது. ஆறு கடையிலும் ஒரே நேரத்தில் கிண்ணம் கிண்ணமாகத் திரிந்தது. “என்னங்க இது, தயிரா?” என்று கேட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தம்பியின் தொண்டை கட்டிப்போனது.

அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லப் போனான். அவள் முகம் வாடியிருந்தது, “என் தப்பாடா?” என்று கேட்டாள். “இல்லக்கா, கிரீம்ல கோளாறு” என்று சொல்லிவிட்டான். வெளியே வந்து மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரு வாரத்துக்கு மட்டும், அக்கா சேர்க்கிறது சின்னச் சட்டியோட நிக்கட்டும். அவங்க என்ன சொன்னாலும் ‘சரியா இருக்கு’ன்னு சொல்லிடுங்க. மனசு நோகக்கூடாது” என்றான்.

அந்த ஒரு வாரத்தில் எல்லாக் கடையிலும் சாஸ் ஒரே மாதிரி இருந்தது. வடக்கே சாப்பிட்டவர் தெற்கே போய்ச் சாப்பிட்டாலும் அதே ருசி. ஒரு கடை பல கடையாக வளர்வதற்கு அடிப்படை இதுதான்: பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை, மாறாமல் இருக்க வேண்டும். தம்பி சில கருவிகளை வாங்கிப்போட்டான். ஒரு சொட்டு சாஸை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எவ்வளவு கெட்டி என்று காட்டும் குழல் ஒன்று. புளிப்பை எண்ணாகச் சொல்லும் குச்சி ஒன்று. உப்புக்கு ஒன்று. பல தோட்டத்துத் தக்காளியைக் கலந்து அரைத்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும் என்பதையும் கண்டுபிடித்தான். வாரம் மாதமாயிற்று, மாதம் வருடமாயிற்று. ஆறு கடை பதினொன்றாயிற்று. மெனு அட்டையில் யாரோ விளம்பரக்காரர் ஒரு வரியைச் சேர்த்தார்: ‘இன்று நீங்கள் சாப்பிடும் சாஸைக் காலையில் அக்கா ருசி பார்த்துவிட்டார்.’ தம்பி அச்சுக்குச் சரி என்று சொன்னான். அது பொய்யும் இல்லை என்று நினைத்துக்கொண்டான். அக்கா ருசி பார்த்தது உண்மைதானே.

இப்படியே ஓடியிருக்கும், அக்கா மகளின் போன் வந்திராவிட்டால்.

அவள் இருப்பது வேறு நாட்டில், விமானத்தில் ஒரு முழுப் பகலும் ஆகும் தூரம். நிறைமாதம். மாப்பிள்ளைக்குப் புது வேலை, லீவு கிடையாது.

“மாமா, அம்மாகிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்,” என்றாள். “டாக்டர் ரத்த அழுத்தம் கூடிருக்குன்னு சொல்றாங்க. முன்னாடியே வலி வந்தாலும் வருமாம். எனக்குப் பயமா இருக்கு மாமா. அம்மாகிட்ட கேட்டா, ‘நான் வந்துட்டா இங்க பதினோரு கடையோட வாய என்ன பண்றது’ங்கிறாங்க. சிரிக்கிறதா அழறதான்னே தெரியல.”

“நான் பேசறேன்டா கண்ணு.”

“நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. எனக்குத் தெரியும், கடைன்னா அம்மாவுக்கு உயிர். ஆனா...” அவள் நிறுத்திக்கொண்டாள்.

தம்பி போனை மேசைமேல் வைத்தான். அக்காவை இங்கே கட்டிப்போட்டிருந்த கயிறு என்ன என்று உலகத்தில் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தக் கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டப்படவில்லை என்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அவள் நாளைக்கே விமானம் ஏறிவிடலாம்.

சொல்லாமல் இருக்க ஒரு காரணம், அவள் மனசு. அது அவன் வெளியே வைத்துக்கொண்ட காரணம். உள்ளே இன்னொன்று இருந்தது. இன்னும் ஒன்பது கடை திறக்கப் பணம் போட ஒரு முதலீட்டாளர் வந்திருந்தார். அதே வாரத்தின் கடைசியில் அடுக்களையைப் பார்க்க வருகிறார். முதல் சந்திப்பிலேயே அவர் மெனு அட்டையைக் கையில் எடுத்து, அந்த வரியைத் தட்டி, “இதுதான் சார் உங்க கடையோட உயிர். அந்த அம்மா ருசி பாக்கிறத நான் நேர்ல பாக்கணும்” என்று சொல்லியிருந்தார். மேசை, ரொட்டி, கண்ணை மூடும் அக்கா. அது இல்லாமல் அவரை எங்கே உட்காரவைப்பது?

அவர் வந்து போகட்டும், மறுநாளே அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று நாள் குறித்தான். அப்படி நினைத்ததும் நெஞ்சு குறுகுறுத்தது. குறுகுறுத்தாலும் அந்த நினைப்பை விடவில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தான்: உண்மையைச் சொல்லாமலே அக்காவை அனுப்பிவிட்டு, அந்த மேசையில் மாஸ்டரை உட்காரவைப்பது. பூசி மெழுகுவதில் அவன் கெட்டிக்காரன்.

மறுநாள் காலை அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தான்.

“அக்கா, நீ கிளம்பு. புள்ள பயப்படுது. இங்க நாங்க பாத்துக்கறோம்.”

“யாரு, நீயா?” அக்கா ரொட்டியை மென்றபடி சிரித்தாள். “டேய், உனக்குச் சூப்புக்கும் பாத்திரம் கழுவின தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது. சின்ன வயசுல சீரகத் தண்ணிய டீன்னு குடிச்சவன்தானே நீ?”

“நான் இல்லக்கா. மாஸ்டர். எத்தனை வருஷமா உன் பக்கத்துலயே நிக்கிறார்.”

அக்கா யோசித்தாள். அவள் முகத்தில் ஒரு ஆசை வந்து போனதைத் தம்பி பார்த்தான். அவளுக்குப் போக வேண்டும். எவ்வளவு போக வேண்டும் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்தது. பையில் ஏற்கெனவே குழந்தைக்கு நாலைந்து பருத்திச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள் என்று அவனுக்கு அப்புறம்தான் தெரியவந்தது.

“மாஸ்டர்!” என்று கூப்பிட்டாள். “சட்டியக் கொண்டு வாங்க. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

மாஸ்டர் திரும்பினார். அக்கா உப்பு ஜாடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒரு பிடி முழுசாக, சட்டியில் போட்டுக் கலக்கினாள். தம்பியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

“இப்பத் திரும்புங்க. ருசி பாத்துச் சொல்லுங்க. எப்படி இருக்கு?”

மாஸ்டர் கரண்டியை வாயில் வைத்தார். அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. கண்ணில் லேசாகத் தண்ணீர் கோத்தது. அவர் தம்பியைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளி கொடுத்த உத்தரவு அவருக்கு அப்படியே இருந்தது. யாரும் அதை ரத்து செய்யவில்லை.

“சரியா இருக்குங்கக்கா,” என்றார்.

“சரியா இருக்கா?”

“ரொம்பச் சரியா இருக்குங்க.”

அக்கா கரண்டியை வைத்துவிட்டாள். கோபப்படவில்லை, ஏளனமும் செய்யவில்லை. ஏதோ கடைசிக் கதவும் சாத்திக்கொண்டது போல மெல்லத் தலையாட்டினாள்.

“நீங்க போங்க மாஸ்டர். தண்ணி குடிங்க.” அவர் போனதும் தம்பியிடம் சொன்னாள்: “பாத்தியா? கடல்தண்ணியக் குடுத்தாலும் சரியா இருக்குங்கிறாரு. இவர நம்பியா நான் போறது? புள்ளகிட்ட எப்படியாவது சமாளிச்சுக்கச் சொல்றேன். நர்ஸு யாரையாவது வெச்சுக்கட்டும். என்னடா பண்றது, நம்ம பேர நம்பித்தானே அத்தனை பேர் வந்து உக்கார்றாங்க.”

அவள் போனை எடுத்தாள். மகளிடம் ‘வர முடியாது’ என்று சொல்வதற்காக.

தான் பின்னிய வலையில் மாஸ்டர் மாட்டி, மாஸ்டரைப் பார்த்து அக்கா மாட்டி, அக்காவால் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மாட்டிக்கொண்டிருப்பது பளிச்சென்று தம்பியின் கண்ணுக்கு முன்னால் நின்றது.

“அக்கா, போன வை,” என்றான்.

“ஏன்?”

“மாஸ்டர் பொய் சொன்னாரு. உப்பு ஜாஸ்தின்னு அவருக்கு நல்லாத் தெரியும். அப்படிச் சொல்லச் சொன்னது நான்.”

அக்கா போனைக் காதிலிருந்து இறக்கினாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். முதலில் மென்று முழுங்கினான். பிறகு வார்த்தைகள் தாமாக வந்தன. திரிந்த கிரீம், ஒரு வாரம் மட்டும் என்றது, இடப்பக்கம் திரும்பும் சட்டி, பணியாளர்களின் மத்தியான ரொட்டி. அக்கா குறுக்கே பேசவில்லை.

“மூணு வருஷமா?”

“ஆமாக்கா.”

“மாஸ்டருக்குத் தெரியும். வேற யாருக்கெல்லாம் தெரியும்?”

தம்பி கதவுப் பக்கம் பார்த்தான்.

“கொப்பரை கழுவுறவங்களுக்கு?”

“தெரியும்.”

“வண்டிக்காரருக்கும்?”

“...தெரியும்க்கா.”

“அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது.” அக்கா மேசையைப் பார்த்தாள். ரொட்டித் தட்டைச் சற்று நகர்த்தி, நேராக இருந்ததையே இன்னும் நேராக வைத்தாள். “காலையில வரும்போது எல்லாரும் எந்திரிச்சு வணக்கம் சொல்லுவாங்களேடா. நான் ஏதோ மரியாதைன்னு நெனச்சேன்.”

“மரியாதைதான்க்கா. சத்தியமா.”

“சரி விடு.” அவள் எழுந்தாள். “காட்டு. எப்படிப் பண்றீங்கன்னு காட்டு.”

அவன் அவளைக் கதவுக்குப் பின்னால் அழைத்துப் போனான். அன்றைய சிவப்பு கொப்பரையில் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குழலில் ஒரு சொட்டு வைத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதைக் கண்ணில் வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். “மேல நீலம், கீழ வெள்ளை தெரியுதா? ரெண்டும் சேர்ற கோடு எங்க நிக்குதோ அதுதான் கெட்டி. கோடு மேல போனா இன்னும் தண்ணி சேர்க்கணும், கீழ வந்தா இன்னும் கொதிக்கணும்.” சொல்லும்போதே அவன் குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. இதை யாரிடமாவது விளக்க வேண்டும் என்று அவனுக்கு எத்தனையோ நாளாக ஆசை. விளக்க வேண்டிய ஒரே ஆளிடம்தான் மறைத்து வைத்திருந்தான். அந்தச் சந்தோஷத்தை உணர்ந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்கா புளிப்புக் குச்சியைத் தானே உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு கொப்பரை ஓரத்தில் இருந்த நீளக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, ஊதி, வாயில் விட்டாள்.

சுற்றி நின்றவர்கள் கை வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். மாஸ்டர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தம்பி மனசுக்குள், ஏதாவது குறை சொல்லு அக்கா, திட்டு, இது சாஸே இல்லை என்று சொல்லு என்று வேண்டிக்கொண்டான்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அக்கா.

கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டாள். “அப்ப நான் போகலாம். சாயங்கால விமானத்துல இடம் இருக்கான்னு பாரு.”

வீட்டுக்குப் போய் அவள் பெட்டியைக் கட்டினாள். தம்பிதான் விமான நிலையத்துக்குக் காரை ஓட்டினான். வழியெல்லாம் பேசத்தான் அவன் ஏறினான். ஆனால் அக்கா மகளோடு போனில் பேசிக்கொண்டே வந்தாள். “ஆமாடா செல்லம், கிளம்பிட்டேன். கால் வீங்கினா தலகாணி மேல தூக்கி வெச்சுக்கோ” என்று அவள் சொல்வதைக் கேட்டபடி விளக்குச் சிக்னல்களில் நின்று நின்று ஓட்டினான். இறங்கும்போது பெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

“அக்கா, மன்னிச்சுக்க.”

“சட்டைய மடிச்சு விடுடா, ஒரு கை மேல ஒரு கை கீழ இருக்கு,” என்று அக்கா சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வார முடிவில் முதலீட்டாளர் வந்தார். மெலிந்த ஆள், அளந்து பேசுகிறவர். ருசி பார்க்கும் மேசையைத் தேடிப் பார்த்தார். “அம்மா எங்க?” என்றார்.

தம்பி அதுவரை மூன்று விதமான பதில் யோசித்து வைத்திருந்தான். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பது ஒன்று. இன்று அவசர வேலை என்பது இன்னொன்று. கடைசியில் எதுவும் வாயில் வரவில்லை. “அவங்க மகள் பிரசவத்துக்குப் போயிருக்காங்க. சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மெனுவுல இருக்கிற வரி உண்மையில்ல” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். கருவிகளைக் காட்டினான். ஒப்பந்தம் இத்தோடு போயிற்று என்றே நினைத்தான். போனால் போகட்டும் என்றுகூட இருந்தது. அப்படிப் போனால் கொஞ்சமாவது ஈடாகும்.

முதலீட்டாளர் குழலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இத மொதல்லயே சொல்லிருக்கக்கூடாதா சார்? ஒரு ஆள் நாக்கை நம்பி ஒன்பது கடை எப்படித் திறக்கிறதுன்னுதான் எனக்குத் தயக்கமே. அவங்களுக்குச் சளி பிடிச்சா என்ன பண்றதுன்னு எங்க ஆளுங்ககூடக் கேட்டாங்க. இது ஆள் இல்லாம ஓடுது. இதுதான் எங்களுக்கு வேணும்.” சிரித்துக்கொண்டே தம்பியின் தோளைத் தட்டினார். “அந்த வரிய வேணா எடுத்துடுங்க. இல்ல, இருந்தாலும் பரவால்ல. யாரு கேக்கப் போறா?”

“எடுத்துடறேன்,” என்றான் தம்பி.

யாருக்காக அக்காவை இன்னும் சில நாள் பிடித்து வைக்க நினைத்தானோ, அந்த ஆளுக்கு அக்கா தேவையே இல்லை. அவர் போன பிறகு தம்பி தன் அறைக்கு வந்து உட்கார்ந்தான். மேசையில் புதுக் கடைகளின் வரைபடம் விரிந்து கிடந்தது. அதில் ஒரு இடத்தைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை.

குழந்தை பிறந்த செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது. பெண் குழந்தை. அக்கா வானத்தில் இருந்தபோதே பிறந்துவிட்டது. அழுத்தம் ஏறி, அவசரமாக அறுத்து எடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அந்தப் பெண் அந்த அறையில் தனியாகவே இருந்திருக்கிறாள். மகள் போன் செய்த அன்றே அவன் வாயைத் திறந்திருந்தால், அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். இந்தக் கணக்குக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

அன்று மாலை மறுபடி போன் வந்தது. மகள்தான். குரல் சோர்ந்திருந்தது, ஆனால் அதில் ஒரு சிரிப்பு ஓடியது.

“மாமா! பாப்பா படம் பாத்தீங்களா? மூக்கு அப்படியே உங்க மூக்காம், அம்மா சொல்றாங்க. பாவம், பொம்பளப் புள்ள.”

“பாத்தேன்டா. அழகா இருக்கா. நீ எப்படி இருக்க?”

“வலிக்குது. ஆனா அம்மா இருக்காங்கல்ல. மாமா, நான் ஒண்ணு சொல்லணும். ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்.”

“எதுக்குடா?”

“அம்மா எல்லாம் சொன்னாங்க. ‘உன் மாமாதான் என்னைப் பிடிச்சுத் தள்ளி அனுப்பி வெச்சான். ருசி பாக்கிற வேலைய எல்லாம் அவனே தலையில போட்டுக்கிட்டான்’னு. நீங்க இல்லன்னா அம்மா வந்தே இருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும் மாமா.”

தம்பி பேச வாயெடுத்தான். ‘இல்லம்மா’ என்று ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டிருந்தாள், சந்தோஷமாக, நம்பிக்கையோடு. அக்கா அவனுக்கு ஒரு பொய்யைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய மனசு நோகாமல் இருக்க அவன் கட்டியது மாதிரியே, அளவெடுத்து. அதை இப்போது கழற்றிப் போட்டால் நோவது இந்தப் பெண்ணுக்குத்தான்.

“இருக்கட்டும்டா,” என்றான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. “அம்மாகிட்ட குடு.”

போன் கை மாறியது. பின்னால் ஒரு சின்னத் தும்மல், துணி சரசரப்பு.

“சொல்லுடா,” என்றாள் அக்கா. சாதாரணக் குரல்தான். கோபம் இருக்கிறதா என்று அவன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான், ஒன்றும் பிடிபடவில்லை.

“அவர் கையெழுத்துப் போடறேன்னுட்டாருக்கா. உன் கையெழுத்தும் வேணும். ஒண்ணும் அவசரமில்ல, அனுப்பி வைக்கிறேன்.”

“அனுப்பு. போட்டுத் தரேன்.”

“அந்த வரிய எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா? சரி.”

அவனுக்குப் போனை வைக்க மனசு வரவில்லை.

“அக்கா, நீ எப்ப வர்ற?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

“வந்து நான் என்னடா பண்றது?”

தம்பி பதிலைத் தேடினான். பொது அடுக்களையின் ஒவ்வொரு மூலையையும், பதினோரு கடையையும், வரப்போகிற ஒன்பதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. “இரு, பாப்பா எந்திரிச்சிட்டா” என்று அக்கா போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். அணைக்கவில்லை. அவள் குழந்தையோடு பேசுவது தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவள் திரும்பி வந்து கேட்பதற்குள் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று உட்கார்ந்திருந்தான்.